"யோசியாதை" என்னும் உபதேசம்

யாழ்ப்பாணத்திலே மிக மலிவாகக் கிடைக்கும் மருந்து ஒன்றுண்டு. அதற்குத் துண்டு வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வாங்கிலே மணிக்கணக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. "ஒண்டுக்கும் யோசியாதை" என்பதே அம்மருந்து. நெஞ்சு படபடக்கின்றது என்பவனுக்கும், இரவு இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை கண்மூட இயலவில்லை என்பவளுக்கும், பரீட்சை மண்டபத்தின் வாசலிலே வாந்தியெடுக்கும் மாணவனுக்கும் இது ஒரே அளவிலே வழங்கப்படுகின்றது. வழங்கியவர் தம் கடமை முடிந்ததெனத் துவிச்சக்கர வண்டியில் ஏறிப் போய்விடுகின்றார். பெற்றவரோ, ஏற்கெனவே தம்மிடமிருந்த கலக்கத்தோடு, யோசியாமல் இருக்கத் தெரியாத குற்றத்தையும் சேர்த்துச் சுமக்கத் தொடங்குகின்றார்.

இந்நோய்க்கு நம்மூர் மருத்துவர்கள் இட்ட பெயர் பதகளிப்பு. நல்ல சொல், நம் பேச்சிலே முன்னரே இருந்த சொல். எனினும் நோயாளர் இச்சொல்லோடு வைத்தியரிடம் வருவதில்லை. தலையிடி, நெஞ்சிடி, கைகால் விறைப்பு, உடம்பு உளைவு, பெருமூச்சு என்று உடம்பின் வழியாகவே வருகின்றனர். கௌரவமான குடும்பமெனின் "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லிக்கொள்வர். ஏன் இந்தச் சுற்றுவழி? மனம் என்று வாய் திறந்த மறுகணமே "விசர்" என்ற சொல் ஒழுங்கை முழுவதும் ஓடிவிடும் என்பதனாலேயே. அங்கொடை, மந்திகை என்ற ஊர்ப்பெயர்களை ஏச்சாக்கி வைத்திருக்கும் சமூகம் நம்முடையது. வீட்டிலே கலியாணத்துக்கு ஒரு பெண் இருந்தாற் போதும். அவளுடைய தமையன் மருந்தெடுப்பது அரசாங்க இரகசியத்தினும் கவனமாகக் காக்கப்படும். பேச்சுக்கால் குழம்பும், சீதனத் தொகை கூடும் என்ற அச்சம் நோயைக் காட்டிலும் பெரிது. ஆக, மூடிமறைத்தல் இங்கே வெறும் அறியாமையன்று. அதற்கொரு பொருளாதாரம் உண்டு.

இது சிலருடைய தொல்லை என்று எண்ணுவோர் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். 2009 ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்திலே 1,517 வீடுகளில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் அதன் முடிவுகள் வெளிவந்தன. பதகளிப்பின் அறிகுறிகள் நூற்றுக்கு 32.6 பேரிடம்; மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 பேரிடம், போர் நெருக்கீட்டின் வடு 7 பேரிடம். அப்பொழுதும் இடம்பெயர்ந்தே இருந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்தால் பதகளிப்பு 48.5. போர் முடிந்த சூட்டோடு எடுத்த கணக்கு இது; இன்றைய கணக்காக இதைக் காட்டுதல் தகாது. ஆனால் மூவரில் ஒருவர் என்ற நிலையைப் பலவீனர்களின் தனிப்பட்ட குணக்கேடு என்று எந்தப் புத்தியுள்ளவன் விளக்குவான்?

உடம்பு நடுங்கக் கற்றுக்கொண்ட பாடசாலை எது என்று கேட்போம். 1981இல் நூலகம் எரிந்த இரவை நினைவிற் கொண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். 1987 ஒக்டோபரிலே யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளரும் வைத்தியரும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணிநேர அவகாசத்தில், கையிலே அகப்பட்டதோடு விரட்டப்பட்டனர்; இதனைச் செய்தவர்கள் நம்மவர்கள். 1995 ஜூலை 9ஆந் திகதி நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர் மீது குண்டு வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுதும், ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர், கொட்டும் மழையிலே செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். ஓரடி வைக்க ஒரு நாழிகை. இவற்றுக்கிடையே சுற்றிவளைப்புகள், வரிசையில் நிற்போரை நோக்கித் தலையாட்டியின் தலை அசையுமா, அசையாதா என்று பார்த்து நின்ற காலைகள்.

அக்காலத்திலே "சகடை"யின் இரைச்சலைப் பிறருக்கு முன் கேட்டவன் பதுங்கு குழிக்குள் முந்தி இறங்கினான், உயிரோடிருந்தான். இரைச்சல் கேட்டதும் இதயம் விரைந்தடித்ததும், மூச்சு வேகமெடுத்ததும், இரத்தம் கால்களுக்குப் பாய்ந்ததும் நோயல்ல, உடம்பின் அறிவு. பொம்பர் போய்விட்டது, அறிவு போகவில்லை. கோயிற் திருவிழாவின் வாணவெடியிலும், படலை தட்டப்படும் ஓசையிலும், நள்ளிரவில் வெளிநாட்டிலிருந்து வரும் தொலைபேசி மணியிலும் அதே உடம்பு அதே பதுங்கு குழியைத் தேடுகின்றது. அச்சத்துக்குப் பொருள் உண்டு; அதனை எதிர்க்கலாம், விலகலாம். பதகளிப்போ பொருளை இழந்துவிட்ட அச்சம். அதனாலேயே அது எதிலும் போய் ஒட்டிக்கொள்கின்றது. பேருந்தில் ஏறப் பயம், கடைக்காரனிடம் மிச்சக்காசு கேட்கப் பயம், கடிதத்தைப் பிரிக்கப் பயம் என்று ஒரு நாளின் சிறு கருமங்கள் ஒவ்வொன்றும் மலையாகின்றன. இத்தகையவரைக் "கோழை" என்கிறோம். ஒரு மனிதர் காலையிற் கட்டிலை விட்டெழுந்து சந்தைக்குப் போய் மீள்வதற்குச் செலவிடும் துணிவைக் கண்டவர்கள் அச்சொல்லை வாயில் எடுக்கமாட்டார்கள்.

எல்லாவற்றையும் போரின் தலையிலே கட்டிவிட்டு ஓய்ந்துவிடுவதும் ஒரு சோம்பல்தான். 2009க்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளுக்கும் நெஞ்சு படபடக்கின்றதே! காணாமலாக்கப்பட்ட மகனுக்கு அந்தியேட்டி செய்வதா, சோறு எடுத்துவைப்பதா என்று தெரியாத தாய்மார் இருக்கும் வீடுகளிலே அப்பிள்ளைகள் வளர்கின்றனர். கீரிமலைக் கேணியிலே சாம்பலைக் கரைத்துவிட்டு வந்தவருக்குத் துக்கத்துக்கு ஒரு முப்பத்தோராம் நாள் உண்டு. இத்தாய்மாருக்கு அது இல்லை. 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த அன்னையர் கேட்டது இழப்பீடன்று, விடை. விடை கிடையாத கேள்வியோடு தூங்கச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை!

கடனும் உண்டு. நுண்கடன் என்ற அழகிய பெயரோடு வீட்டு வாசலுக்கு வந்தது. கிழமைக்குக் கிழமை அறவிடுபவன் படலையடியில் வந்து நின்றான். பெண்கள் அடுக்களைக்குள் ஒளிந்தனர். 2018இலே அரசாங்கம் வரட்சி மாவட்டங்களின் பெண்களுக்குச் சிறு கடன்களைத் தள்ளுபடி செய்ய நேர்ந்ததே, அச்சம் எவ்வளவு பரந்திருந்தது என்பதற்குச் சாட்சி. 2022 ஓகஸ்டிலே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. வெளியிணைப்பு இயந்திரத்தை நம்பிக் கடலுக்குப் போகும் குருநகர்த் தொழிலாளியின் நித்திரை அன்றிரவு எங்கே போயிருக்கும்? அவனுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது நல்லதுதான். எண்ணெயின் விலையை அது குறைக்காது.

இந்த இடத்திலே இரு சாராரோடு நமக்கு வழக்குண்டு. முதலாவது சாரார் எளியவர். நாவூறு, செய்வினை, ஏழரைச் சனி என்று நூல் கட்டிக் காசு கறக்கும் சாத்திரியும், "சிந்தனையை மாற்று, வாழ்க்கை மாறும்" என்று குளிரூட்டிய மண்டபத்தில் ஒருநாட் பயிலரங்கு நடத்தும் அறிஞரும் உண்மையில் ஒரே குலத்தவர். இருவரும் காரணத்தை நோயாளியின் சாதகத்திலோ சிந்தையிலோ வைத்துவிட்டு, உலகத்தைக் குற்றத்திலிருந்து விடுவிக்கின்றனர். இவர்களைப் பற்றி இவ்வளவு போதும்.

இரண்டாவது சாரார் நம் தோழர்கள். அவர்களோடு சற்று விரிவாகவே பேச வேண்டும். "இது நடுத்தர வர்க்கத்தின் மனநோய், உழைப்பவனுக்குக் கவலைப்பட நேரமேது?" என்று சொல்லும் தோழர் ஒவ்வொரு வட்டத்திலும் ஒருவராவது உளர். உழைப்பவனுக்குக் கவலைப்பட நேரமில்லை என்று கூறியவர், உழைப்பவன் வீட்டில் ஓரிரவாயினும் தங்கியிருப்பாரோ என்பது ஐயம். மேற்சொன்ன கணக்கு இடம்பெயர்ந்து முகாமிலும் கொட்டிலிலும் கிடந்தவரிடமே நோய் கூடுதல் என்று காட்டுகின்றது. வறுமைக்கு நடுக்கம் குறைவென்பது செல்வர் சொன்ன கதை. அதை நாம் திருப்பிச் சொல்லலாகாது.

இத்தோழர்கள் பிரான்ஸ் பனோனை மேற்கோள் காட்டுவதில் வல்லவர்கள். 1961இல் வெளிவந்த அவருடைய நூலின் முதல் அத்தியாயத்தை, வன்முறை பற்றியதை, மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்நூலிலேயே பிற்பகுதியில் நீண்ட அத்தியாயம் ஒன்றுண்டு. அல்ஜீரியாவின் பிளிடா ஆஸ்பத்திரியிலே 1953 முதல் மனநோய் வைத்தியராக இருந்தவர் தம் நோயாளரைப் பற்றி எழுதியது அது. சித்திரவதைப்பட்டவனும், சித்திரவதை செய்த பொலிஸ்காரனும், விடுதலைக்காகக் குண்டு வைத்துவிட்டுத் தூக்கமிழந்தவனும் அங்கே வருகின்றனர். விடுதலைப் போரும் மனத்திலே புண் வைக்கும் என்று புரட்சியின் பக்கம் நின்றே எழுதினார் பனோன். அந்த அத்தியாயத்தை நம்மவர் படிப்பதில்லை. படித்தால் நம் போர்க்காலக் கவியரங்குகளில் ஒருவனேனும் நடுங்கியதாகப் பாட இடமிருக்கவில்லையே என்ற கேள்வி எழும். 1960களின் தொடக்கத்தில் நடந்த மரபுப் போராட்டத்தில் "இழிசனர் வழக்கு" என்று உழைப்பவனின் பேச்சை இலக்கியத்துக்கு வெளியே நிறுத்தப் பார்த்தவர்களை எதிர்த்தவர்கள் நம் முன்னோர். நடுங்குபவனின் பேச்சை அரசியலுக்கு வெளியே நிறுத்தும் நாம் அவர்களின் வாரிசுகள்தாமா?

சமுதாயம் மாறினால் நோய் மாறும். அதுவரை பொறுத்திரு என்பதும் "யோசியாதை" என்பதன் சிவப்புப் பதிப்பேயன்றி வேறன்று. காசநோய் வறுமையால் வருகின்றது. அதற்காகக் காசநோய்க்காரனுக்கு மருந்து மறுப்போமா? பதகளிப்புக்கும் மருந்துண்டு. சில மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும்; உடனே அமைதி தரும் வேறு சில நீண்டகாலம் பாவித்தால் பழக்கமாகிவிடும். ஆகவே கடையில் தானாகக் கேட்டு வாங்குவது ஆபத்து. அஞ்சியதை விட்டு ஓடஓட அச்சம் வளர்கின்றது. சிறுகச்சிறுக, துணையோடு, அதன் அருகே போகப்போகத் தணிகின்றது என்பதை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சைகளும் உண்டு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாகப்போகிறேன் என்று கத்தும் ஒருவரின் வேதனை சில நிமிடங்களில் உச்சத்தை எட்டிப் பின் தானே இறங்குவதும் உண்டு. எனினும் முதல் முறை வந்தால் இதயத்தைப் பரிசோதிக்காமல் அப்படி முடிவுகட்டக் கூடாது.

இவற்றையெல்லாம் நம் மண்ணிலேயே, ஷெல்லடிக்கு நடுவிலே, கற்றுத் தந்தவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். தமிழிலே "மனவடு" என்ற நூலைத் தந்தார். மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், அவரவர்க்குப் பழகிய ஒரு சொல்லை மெல்ல உருவேற்றுதல் ஆகியவற்றை மருத்துவத்தோடு சேர்த்தார். ஆசிரியரையும் கிராமத்து ஊழியரையும் பயிற்றினார். பகுத்தறிவாளர் சிலர் இதிலே சமய வாசனை கண்டு முகஞ்சுழித்தனர். தன் உடம்பைத் தானே அமைதிப்படுத்தத் தெரிந்த மனிதன் ஊர்வலத்துக்கு வரமாட்டான் என்று யார் சொன்னது?

1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்தவர்களை எண்ணிப் பார்க்கலாம். தேநீர்க் கடையிலே சிரட்டையை நீட்டியவன் முகத்தைப் பார்க்கவும் பழக்கப்படாதவர்கள். பரம்பரை பரம்பரையாகத் தலைகுனிந்து நடக்க உடம்பிலே அச்சம் எழுதப்பட்டவர்கள். அவர்களிடம் எவரும் "யோசியாதை" என்று சொல்லவில்லை. பக்கத்தில் வந்து நடந்தார்கள். அச்சம் அன்று மறைந்துவிட்டதென்று நான் கூறவில்லை. நடுக்கத்தோடேயே நடக்க முடிந்தது.

இனி ஆசிரியராயிருப்போர்க்கு. அடித்தல் மனிதத்தன்மையற்ற நடத்துகை என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்த பின்னரும், "என் பிரம்பு எத்தனை டொக்டரை ஆக்கியது தெரியுமோ" என்று ஆசிரியர் ஓய்வறையிலே பேசுவோர் குறையவில்லை. பத்து வயதுப் பிள்ளையைப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக விடிகாலையில் ரியூசனுக்கு இழுத்து, சித்தியடைந்தவரின் படத்தைச் சந்தியிலே கட்டி, வெட்டுப்புள்ளிக்கு ஓரிரு புள்ளி குறைந்தவனை அதன் கீழே நடக்கவிடுகிறோம். பிறகு, "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு ஏன் இவ்வளவு பதட்டம்?" என்று வியக்கிறோம். பதாகையை இறக்குவதற்கு அமைச்சரின் சுற்றறிக்கை வேண்டியதில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் ஒரு தீர்மானம் போதும். வாய்விட்டு வாசிக்கச் சொன்னதும் கைநடுங்கும் பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்தாமல் முதலில் மேசையருகே அழைத்து இரண்டு வரி, அடுத்த கிழமை தன் வாங்கிலிருந்து நான்கு வரி, அதற்கடுத்த கிழமை எழுந்து நின்று ஒரு பந்தி என்று கொண்டுபோகலாம். அடிக்கடி தலையிடி என்று வீட்டுக்குப் போகும் பிள்ளையின் தாயை அழைத்து, அவன் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், வீட்டிலே யார் யார் இருக்கிறீர்கள், இரவில் நித்திரை கொள்கிறீர்களா என்று கேட்கலாம். தேவையெனின் தெல்லிப்பழைச் சிகிச்சை நிலையத்துக்கு அவர்களோடு பஸ் ஏறியும் போகலாம்.