செம்பிக்கு மூணு நாள் போதாதுங்க

கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையா படிங்க.

நம்ம ஆலயத் திருப்பணி நடக்கறதால பின்பக்கம் முழுக்க சாரம் கட்டி, சிமெண்டும் கம்பியுமா கிடக்குது. அங்க படுத்திருந்த செம்பிய கும்பாபிஷேகம் முடியற வரைக்கும் யாராவது வீட்டுல வெச்சுக்கணும்னு கேட்டிருந்தோம். ரெண்டு குடும்பம் முன்வந்தாங்க. ஆனா முதல் வீட்டுலேருந்து மூணாம் நாளும், அடுத்த வீட்டுலேருந்து நாலாம் நாளும் செம்பி திரும்பி வந்துட்டா. ரெண்டு பேரும் சொன்ன காரணம் ஒண்ணுதான். சாப்பிட மாட்டேங்குது, சோபாவுக்கு அடியிலயே கிடக்குது, கிட்ட போனா உறுமுது, இது வீட்டுக்கு சரிப்படாத நாய்.

உதவிக்கு வந்தவங்கள நாங்க குறை சொல்லல. ஆனா அந்தக் கடைசி வார்த்தைய ஒத்துக்க முடியல.

பேக்டரியில சூப்பர்வைசரா இருக்கற எங்களுக்கு இது புதுசு இல்லைங்க. நேபாளத்துலேருந்து புதுசா வர்ற பையன் முதல் வாரம் கேண்டீன்ல சோத்தக் கிளறிக்கிட்டே உட்கார்ந்திருப்பான். பேர் சொல்லிக் கூப்பிட்டா திடுக்குனு எழுந்து நிப்பான். அவன மூணாம் நாளே ஏர்போர்ட்டுக்கு அனுப்பிடறோமா? மூணு மாசம் புரோபேஷன் இருக்கு. அது முடியறதுக்குள்ள அவனே அடுத்து வர்றவனுக்கு வேலை சொல்லிக் குடுப்பான். ஆளையும் நாயையும் ஒண்ணா வெச்சுப் பேசறோம்னு நினைக்காதீங்க. புது எடத்துப் பயம் எல்லா உசுருக்கும் ஒண்ணுதான்.

நாய்கள மீட்டு வளர்க்கறவங்களும் இதே மாதிரி ஒரு கணக்கு வெச்சிருக்காங்க: 3 நாள், 3 வாரம், 3 மாசம். முதல் 3 நாள் பயம் தெளியறதுக்கு. 3 வாரத்துல வீட்டு நேரம், பழக்கம் எல்லாம் பிடிபடும். இது நம்ம வீடுன்னு முழுசா நம்பறதுக்கு 3 மாசம் ஆகும். ஒரு நாய் முந்தும், ஒரு நாய் பிந்தும். நாம என்னடான்னா பயம் தெளியற நாள்லயே தீர்ப்பு சொல்லிடறோம். செம்பி இப்ப மூணாவது வீட்டுக்குப் போகணும், முன்னைவிட அதிக பயத்தோட.

உறுமறதப் பத்தியும் சொல்லணும். "கிட்ட வராதே, பயமா இருக்கு"ன்னு அதுக்கு சொல்லத் தெரிஞ்ச வழி அதுதான். உறுமுனதுக்கு அடிச்சீங்கன்னா அடுத்த தடவ சத்தமே போடாம கடிச்சிடும்.

இன்னொண்ணு நம்ம ஆளுங்க பாசம். முதல் வீட்டுல போன அன்னிக்கே குளிப்பாட்டி, பொட்டு வெச்சு, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்புல போட்டாச்சு. சாயங்காலமே பிள்ளைங்களோட ஆள் ஆளா பார்க்க வந்துட்டாங்க. பாவம், அது சோபாவுக்கு அடியில போகாம வேற எங்க போகும்? தயவுசெஞ்சு முதல் வாரம் யாரும் போகாதீங்க. மாடிப்படிக்குக் கீழயோ, பின்னாடி அடுப்படிப் பக்கமோ ஒரு மூலை போதும். அவ படுத்திருந்த கோணிச்சாக்க துவைக்காம அப்படியே குடுத்து விடறோம், அந்த வாசனைதான் அவளுக்குத் துணை. நேரா கண்ணப் பார்த்துக் கூப்பிடாம, திரும்பி உட்கார்ந்து உங்க வேலையப் பாருங்க. தானா வருவா. கேட் மட்டும் எப்பவும் பூட்டியிருக்கணும், பயந்த நாய் முதல் வாரத்துலதான் ஓடிப் போகும். ரெண்டு நாளாகியும் சாப்பிடலன்னா, வாந்தி எடுத்தா, இல்ல சோர்ந்து போய்ப் படுத்தா எங்களுக்கு போன் போடுங்க, டாக்டர்கிட்ட நாங்க கூட்டிட்டுப் போறோம். உண்ணிக் காய்ச்சலாக்கூட இருக்கலாம்.

பைரவர் வாகனமாச்சேன்னு தேய்பிறை அஷ்டமிக்கு சர்க்கரைப் பொங்கல் ஊட்டறவங்க இருக்காங்க. அதுல கிடக்கற உலர்ந்த திராட்சை நாயோட கிட்னியையே கெடுத்துடும். அன்னதான சாம்பார்ல இருக்கற வெங்காயமும் ஆகாது. வெறும் சோறு, உப்பு மசாலா இல்லாம அவிச்ச கோழி, எலும்ப எடுத்துட்டுக் குடுங்க. கோயிலுக்கு வெளிய அதத்தான் அவளுக்கு வெச்சிட்டிருந்தோம்.

"கோயில் நாய் கோயில்லயே இருக்கட்டுமே"ன்னு சில பெரியவங்க கேக்கறாங்க. நகராண்மைக் கழகத்துக்கு ஏற்கனவே புகார் போயிருக்குங்க. பிடிச்சிட்டுப் போனாங்கன்னா அப்புறம் நம்ம கையில எதுவும் இல்ல.

அதனால இந்த தடவ மூணு மாசம் வெச்சிருக்க முடியறவங்க மட்டும் முன்வாங்க. தரை வீடா, கேட் இருக்கற வீடா இருக்கணும். பக்கத்துல மலாய்க்காரக் குடும்பம் இருந்தா முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அது நம்ம மரியாதை. சாப்பாடு, ஊசி, லைசென்ஸ் செலவு எங்களோடது. வெள்ளிக்கிழமை ராத்திரி பூஜை முடிஞ்சதும் அன்னதான மண்டபத்துல இருப்போம், வந்து பேசுங்க. செம்பியப் பார்க்கணும்னா ஒருத்தர் ரெண்டு பேரா வாங்க, கூட்டமா வேண்டாம்.