வைத்தியசாலை எங்கே தொடங்குகின்றது?

மாரடைப்புக்கு ஆளானவரைக் காப்பாற்றுவது வைத்தியசாலையே என்பது பொதுவான நம்பிக்கை. கட்டடங்களும் கருவிகளும் பெருகினால் மரணங்கள் குறைந்துவிடும் என்ற வாதம் இந்நம்பிக்கையின் வழியே பிறந்தது. நோயாளரை ஏற்றிச் செல்லும் வண்டியோ வெறும் போக்குவரத்துச் சாதனமாகவே கருதப்படுகின்றது. இக்கருத்துத் தவறானது மாத்திரமன்று; உயிர்களைப் பலிகொள்வதுமாகும்.

முடியுரு நாடியைக் குருதிக்கட்டி அடைக்கும்போது இதயத்தசை ஒரே கணத்தில் இறந்துவிடுவதில்லை. மணித்தியாலக் கணக்கிற் படிப்படியாக இறக்கின்றது. ஆனால், துடிப்புச் சீர்குலைந்து இதயம் திடீரென நின்றுவிடும் அபாயம் முதல் மணித்தியாலத்திலேயே மிகுதி. அவ்வேளையில் நோயாளர் பெரும்பாலும் வீட்டிலோ, வயலிலோ, வீதியிலோதான் இருப்பர். அவர்களுக்குத் தொலைவிலுள்ள மாளிகையால் யாது பயன்?

இவ்வினாவுக்குச் செயலால் விடை கண்டவர் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகர வைத்தியர் பிராங் பன்றிட்ஜ். 1966இல் அவரும் ஜோன் கெடிஸும் றோயல் விக்ரோறியா வைத்தியசாலையின் இதய சிகிச்சையை வண்டியில் ஏற்றி, நோயாளரின் வாசலுக்கே அனுப்பினர். மோட்டார் வாகன மின்கலங்களால் இயங்கிய அவர்களது மின்னதிர்ச்சிக் கருவியின் நிறை ஏறத்தாழ 70 கிலோகிராம். 1967இல் அவர்களது அனுபவம் ‘லான்செற்’ சஞ்சிகையில் வெளிவந்தது. வைத்தியசாலையின் எல்லை அதன் மதிலன்று என்பது அன்றே நிலைநாட்டப்பட்டது.

இலங்கையில், 1990 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அழைக்கப்படும் ‘சுவசெரிய’ சேவை, இந்திய நன்கொடையுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமாகி, 2018இல் வடக்கிற்கும் விரிந்தது. கட்டணமின்றி ஏழையின் வாசலுக்கும் வரும் அவ்வண்டி ஒரு பெரும்பேறு. எனினும், வண்டி வந்துவிட்டதால் கடமை முடிந்தது என அமைதி கொள்வது பேதைமை. அது எங்கே செல்கின்றது, எதைச் சுமந்து செல்கின்றது என்பனவே உயிரை நிர்ணயிப்பன.

நாடி முற்றாக அடைபட்டமை ஈ.சீ.ஜி. மூலம் அறியப்பட்டதும், 120 நிமிடங்களுள் பலூன் சிகிச்சை கிடைக்குமாயின் அதற்கே நோயாளரை அனுப்பவேண்டும்; கிடையாதெனின், தகுதியுடையோர்க்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் 10 நிமிடங்களுள் ஏற்றவேண்டும் என்பது ஐரோப்பிய இதயவியற் சங்கம் 2017இல் வகுத்த நெறி. இந்நெறிப்படி, முதலில் கண்ணிற்பட்ட வைத்தியசாலை, அங்கே பதிவு, காத்திருப்பு, இடமாற்றக் கடிதம், பின்னர் இன்னொரு வண்டி என்ற ஒழுங்கு ஒழுங்கேயன்று. ஒவ்வொரு கடிதமும் இதயத்தசையின் ஒரு பகுதியை விலையாகக் கேட்கின்றது.

முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய நூறு கிலோமீற்றர். நெடுந்தீவுவாசிக்கோ குறிகட்டுவான் இறங்குதுறையை அடையவே ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடற்பயணம். இவர்களுக்கு 120 நிமிடக் கணக்கு, காற்றுக்கும் கடலுக்கும் கட்டுப்பட்டது. ஆகவே மருந்து அவர்களிடம் செல்லவேண்டும். மருந்தைத் தேடி அவர்கள் அலைதல் ஆகாது.

வறிய நாட்டுக்கு இவை ஆடம்பரம் என்பாரும் உளர். பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்து 1988இல் வெளிவந்த முடிவு, மலிவான அஸ்பிரினும் ஸ்றெப்ரோகைனேசும் சேரும்போது இதய, குருதிக்கலன் நோய்களால் நிகழும் மரணம் ஐந்து வாரங்களில் 42 வீதம் குறைந்தது எனக் காட்டிற்று. ஆடம்பரம் எது? அஸ்பிரின் வில்லையா, திறப்புவிழாப் பந்தலா? நெஞ்சுநோவெல்லாம் மாரடைப்பன்று, வண்டிகள் வீணே அலையும் என்பது மற்றொரு வாதம். அது மெய்யே. அதனாலேயே ஈ.சீ.ஜி. வாசலில் எடுக்கப்படவேண்டும், தொலைவிலுள்ள வைத்தியர் அதைப் பார்த்துத் தீர்மானிக்கவேண்டும். ஐயம் கருவியை வேண்டுவதேயன்றி, தாமதத்தை வேண்டுவதன்று.

வண்டிதோறும் ஈ.சீ.ஜி., அதனை உடனே வாசிக்கும் வைத்தியர், இடைவாயில்களைத் தவிர்த்து உரிய சிகிச்சைக் கூடத்துக்கே செல்லும் அதிகாரம், தீவுக்கும் வன்னிக்கும் தயார்நிலையில் மருந்து: இந்நான்கும் சலுகைகள் அல்ல, உரிமைகள். இவற்றை மறுத்துவிட்டு எழுப்பப்படும் மாடிகள் எத்தனை உயர்ந்தாலும், நோயாளர் விழும் இடத்தை அவற்றின் நிழல் எட்டுவதில்லை.