பழுதுற்றது இயந்திரம் மட்டுந்தானா?

"சிஸ்டம் டவுன், நாளை வாருங்கள்." எமது நாட்டின் கந்தோர்களிலே இன்று இதுவே வேதவாக்கு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் பெற வந்த தாயும், வங்கிப் பணம் எடுக்க வந்த முதியவரும் இதைக் கேட்டு மறுபேச்சின்றித் திரும்புகின்றனர். எதனாற் பழுதுற்றது, எப்போது சீராகும், பொறுப்பாளி யார் எனக் கேட்பாரில்லை; கேட்டாலும் விடை பகர்வாரில்லை. அன்று தலைவிதியின் மீது பழி போட்டனர். இன்று கணனியின் மீது போடுகின்றனர். பணிந்து போகும் மக்களின் நிலைதான் மாறவில்லை.

இத்துன்பம் யாவர்க்கும் பொதுவன்று. வசதி படைத்தவனுக்கு நாளை என்பது இன்னொரு நாள். தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கோ அது இன்னொரு 'பேர்'. பேர் விழாத நாளுக்குக் கூலியில்லை. பஸ்ஸுக்குக் காசு கொடுத்து மலையிறங்கி வந்து வெறுங்கையுடன் திரும்பும் அவளது இழப்பை ஈடு செய்வது யார்?

"இயந்திரமென்றால் பழுதாகத்தான் செய்யும்" என்பர் சிலர். மெத்தச் சரி. பழுது வருமென்றறிந்தும் ஆயத்தம் செய்யாதது யார் குற்றம்? 2023ஆம் ஆண்டு எமது அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவை கப்பங் கோரும் கணனித் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் அழிந்தன. அக்காலத்துக்குரிய மாற்றுப் பிரதி இருக்கவில்லை. காலாவதியான மென்பொருளைப் புதுப்பிக்காது தாமதித்ததற்குப் பணமின்மையும் காரணமாகக் கூறப்பட்டது. கணனியா இங்கு தவறியது? அதனைப் பேண வேண்டியவர்களே தவறினர்.

கணனியின் பிழையை மனிதன் தலையிற் சுமத்தினால் என்ன நேரும் என்பதற்குப் பிரித்தானியா சான்று. அங்கு தபாற் கந்தோர்களில் 1999 முதல் புகுத்தப்பட்ட 'ஹொரைசன்' என்னும் கணக்கு முறை, இல்லாத பணப் பற்றாக்குறையை இருப்பதாகக் காட்டிற்று. கணனி சரியாகவே இயங்குகிறது என நீதிமன்றங்களும் கொண்டன. 900க்கு மேற்பட்ட உப தபாலதிபர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். சிலர் தம்முயிரையே மாய்த்துக் கொண்டனர். அத்தீர்ப்புகளிற் பெரும்பாலானவற்றை நீக்க 2024இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

நாம் இயந்திரத்தின் பகைவரல்லர். கோப்பைத் தொலைத்துவிட்டுக் கையூட்டுக்காகக் கைநீட்டிய பழைய கந்தோரை மீண்டும் வேண்டுவோருமல்லர். விஞ்ஞானம் மக்களுக்குச் சேவகனாக வேண்டும். அதிகார வர்க்கம் ஒளிந்து கொள்ளும் திரைச்சீலையாகக் கூடாது என்பதே எமது வாதம்.

ஆகவே நாம் கோருவன இவை: கணனி நின்றாலும் கையெழுத்தில் விண்ணப்பத்தை ஏற்கும் ஒழுங்கு ஒவ்வொரு கந்தோரிலும் இருத்தல் வேண்டும். திருப்பியனுப்பப்படுபவருக்குத் திகதியும் உத்தியோகத்தரின் ஒப்பமும் கொண்ட துண்டொன்று வழங்கப்படல் வேண்டும்; தவணை தவறியதென்று அவரைத் தண்டித்தலாகாது. மனிதனின் சொல்லும் கணனியின் கணக்கும் முரண்படுமிடத்து, கணனி பிழைக்கவில்லையென நிரூபிக்கும் பொறுப்பு அதனை நடத்துவோரையே சாரும்.

கணனியை இயக்க மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அது நின்றுபோனால் "இதற்குப் பொறுப்பாளி யார்?" என நிமிர்ந்து நின்று கேட்கவும் கற்பிப்போமாக!