ஐம்பது ரூபாய் நோட்டில் இருக்கும் ஊருக்கு வழி யாரிடம் கேட்பது?

பர்ஸில் புது ஐம்பது ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். 2017-ல் வந்த அந்த நீல நோட்டின் பின்பக்கம் ஒரு கல் தேர் இருக்கும். கர்நாடகத்தில், ஹம்பியில், விட்டலர் கோயில் முற்றத்தில் நிற்கும் தேர் அது. டீக்கடையில் தினமும் கை மாறுகிற அந்தப் படத்தை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று எந்த வகுப்பிலும் நாலு பேராவது நினைப்பார்கள். நினைப்பதோடு நின்றுவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் "காசு இல்லை மச்சி" என்று பதில் வரும்.

உண்மையில் காசு இல்லாதது பாதிக் காரணம்தான். எவ்வளவு காசு வேண்டும் என்று சரியாகத் தெரியாதது மீதிக் காரணம். வீட்டில் போய் "ஹம்பி போகணும்" என்றால் முதல் கேள்வியே "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். "ஒரு மூணு, நாலு, அஞ்சாயிரம்...." என்று இழுத்தால் அத்தோடு முடிந்தது கதை. ரயிலுக்கு இவ்வளவு, தங்க இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, கையில் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினால் பாதி அனுமதி அங்கேயே கிடைத்துவிடும்.

தப்புக் கணக்கின் விலை எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதையும் யோசிக்க வேண்டும். நாலு பேர் கிளம்புகிறார்கள், ஆளுக்கு மூவாயிரம் என்று திட்டம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது நாளே அது ஐயாயிரத்தைத் தொடும்போல் ஆகிவிட்டது. மூன்று பேர் வீட்டுக்கு போன் போட்டுப் பணம் அனுப்பச் சொல்வார்கள். நாலாவது பையன் "எனக்குப் பசிக்கலடா, நீங்க சாப்பிடுங்க" என்பான். அடுத்த தடவை டூர் பேச்சு எடுக்கும்போது "எனக்கு ஊர்ல வேலை இருக்கு" என்று ஒதுங்கிக்கொள்வான். மோசமான திட்டத்தின் நஷ்டம் கடைசியில் போய் விழுவது, இருப்பவர்களிலேயே குறைவாக வைத்திருப்பவன் தலையில்தான். அதனால் போகும் முன் விசாரிப்பதை ஏதோ பொழுதுபோக்கு என்று நினைக்கக் கூடாது. பயணத்தில் பாதி வேலை அதுதான்.

சரி, யாரிடம் விசாரிப்பது?

பி.காம். படிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்பவனுக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. இந்தத் தகவல் ஏற்றத்தாழ்வு ஒரு சந்தையையே கெடுத்துவிடும் என்பது அதன் சாரம். 2001-ல் வேறு இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. சுற்றுலா ஊர்களுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். இறங்குகிற பயணிக்கு எதுவும் தெரியாது. எதிரில் நிற்கிற எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அதிலும் இன்னொரு சிக்கல். தெருமுனை மளிகைக்கடைக்காரர் ஏமாற்ற யோசிப்பார், ஏனென்றால் நீங்கள் நாளைக்கும் வருவீர்கள். சுற்றுலாப் பயணி வாழ்க்கையில் ஒரு தடவைதான் வருவான் என்பது இருவருக்குமே தெரியும்.

இந்தச் சந்தையில் ஏற்கனவே போய்விட்டு வந்த ஒருவர் மட்டும் வித்தியாசமானவர். அவருக்கு எல்லாம் தெரியும், விற்க எதுவும் இல்லை.

தமிழுக்கு இது பழைய விஷயம். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகை. அவற்றில் நான்கில், வள்ளலிடம் பரிசு வாங்கித் திரும்புகிற கலைஞன், வறுமையோடு எதிரே வருகிற இன்னொரு கலைஞனை நிறுத்தி "இந்த வழியாகப் போ, அவரைப் போய்ப் பார்" என்று சொல்கிறான். மலைபடுகடாம் 583 அடி. செங்கண்மாவில் இருந்த நன்னனிடம் (இன்றைய செங்கம்தான்) போகும் வழியைச் சொல்கிறது. அதில் வள்ளலின் புகழ் மட்டுமா இருக்கிறது? பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எங்கே இருக்கும், வழுக்குகிற இடம் எது, தினைப்புனம் காப்பவர்கள் வீசும் கவண் கல் எங்கே வந்து விழும், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று வரிசையாக வருகிறது. பரிட்சைக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன பாட்டுக்குள் இப்படி ஒரு பயணக் கையேடு!

போய் வந்தவருக்கு மட்டும் தெரிகிற விஷயங்கள் எப்படிப்பட்டவை என்பதற்கு ஹம்பியே நல்ல உதாரணம்.

ஹம்பியில் ரயில் நிலையம் கிடையாது. 13 கிலோமீட்டர் தள்ளி ஹொசபேட்டையில் இறங்க வேண்டும். பெங்களூர் போய்விட்டால் அங்கிருந்து ஹம்பி எக்ஸ்பிரஸ் ராத்திரி முழுக்க ஓடிக் காலையில் கொண்டுபோய் விடும். ஒரு ராத்திரி அறை வாடகை மிச்சம். ஹொசபேட்டையிலிருந்து ஹம்பிக்கு அரசுப் பேருந்து இருக்கிறது. விரூபாட்சர் கோயிலிலிருந்து விட்டலர் கோயிலுக்கு ஆற்றங்கரை ஓரமாக நடந்தால் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். வழி முழுக்கப் பார்க்க ஏதாவது இருக்கும். வண்டியில் போனால் கமலாபுரம் பக்கமாக ஊரைச் சுற்ற வேண்டும். நடைபாதை இருப்பதை வண்டிக்காரர் ஏன் சொல்லப்போகிறார்? அது அவர் பிழைப்பு. நடந்தவர்தான் சொல்ல வேண்டும்.

டிக்கெட் விஷயமும் அப்படித்தான். விட்டலர் கோயிலுக்குத் தொல்லியல் துறை 2018 முதல் இந்தியர்களுக்கு 40 ரூபாய் வாங்குகிறது. அதே டிக்கெட் அன்றைக்கே தாமரை மகால் இருக்கும் வளாகத்துக்கும் கமலாபுரம் அருங்காட்சியகத்துக்கும் செல்லும். தெரியாமல் இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று பிரித்துப் போனால் திரும்ப வாங்க வேண்டும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஹேமகூட மலை, மதங்க மலை, அங்கங்கே சிதறிக் கிடக்கும் மண்டபங்கள் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமே இல்லை. எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான், கூட்டிப் பார்த்தால் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு வந்துவிடும்.

ஆனால் போய் வந்தவர் சொன்னால் வேதவாக்கு என்று எடுத்துக்கொண்டாலும் ஆபத்துதான். பால் பாக்கெட் மாதிரி ஆலோசனைக்கும் தேதி உண்டு. "ஆற்றுக்கு அந்தப் பக்கம் விரூபாபுர கட்டிக்குப் போய்விடு, குடிசை அறை சல்லிசாகக் கிடைக்கும்" என்று ஒரு காலத்தில் எல்லோரும் சொன்னார்கள். நல்ல ஆலோசனைதான். ஆனால் அங்கிருந்த விடுதிகளை அகற்றச் சொன்ன உத்தரவை 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, மார்ச்சில் இடித்துவிட்டார்கள். பழைய ஆலோசனையை நம்பிப் பையோடு ஆற்றைக் கடந்தால் என்ன ஆகும்?

இன்னொன்று. ரயிலுக்கு நாலு மாதம் முன்பே டிக்கெட் எடுத்துவிடு என்று சீனியர்கள் சொல்வார்கள். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. "கர்நாடகத்தில் பெண்களுக்கு பஸ் இலவசம்" என்பதும் பாதி உண்மை. 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டம் கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்கு மட்டும். இங்கே டவுன் பஸ்ஸில் போகிற மாதிரி அங்கே ஏறி உட்கார்ந்தால் கண்டக்டர் அந்த ஊர் முகவரி உள்ள அடையாள அட்டையைக் கேட்பார்.

தேதியைப் போலவே, சொல்கிறவர் யார் என்பதும் முக்கியம். "பிளாட்பாரத்திலேயே படுத்துக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்று ஒரு பையன் சொன்னால் அது அவனுக்கு உண்மை. அதே ஆலோசனை ஒரு பெண்ணுக்கு உதவாது. ரயில் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும், அந்த நேரத்தில் வெளியே வெளிச்சம் இருக்குமா, கழிப்பறை எங்கே இருக்கும் என்ற கேள்விகளுக்குப் போய் வந்த இன்னொரு பெண்தான் பதில் சொல்ல முடியும். வகுப்புகளில் டூர் பேச்சு பெரும்பாலும் பையன்கள் பெஞ்சிலேயே சுற்றிச் சுற்றி வருவதால் இந்தத் தகவல் வெளியே வருவதே இல்லை. பெண்கள் போகாததற்கு "வீட்ல விட மாட்டாங்க" என்பது மட்டுமே காரணமல்ல. வீட்டில் எடுத்துச் சொல்ல அவர்கள் கையில் உருப்படியான தகவல் கிடைக்காததும் ஒரு காரணம்.

ஆகவே கேட்பதிலும் ஒரு முறை வேண்டும். "ஹம்பி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "செம" என்றுதான் பதில் வரும். அந்தச் "செம"யை வைத்து ஒரு பட்ஜெட்டும் போட முடியாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

1. எந்த வருஷம், எந்த மாதம் போனாய்? (ஏப்ரல், மே மாதத்தில் அறை மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் பாறைகளுக்கு நடுவே மதியம் நடக்க முடியாது. ஒரு நாளில் பாதி நாள் வீண்.)
2. எத்தனை பேர் போனீர்கள்? (அறை வாடகையும் ஆட்டோ வாடகையும் தலைக்கு எவ்வளவு என்பது இதைப் பொறுத்தது. மூன்று பேருக்கு ஒரு ஆட்டோ போதும். நாலாவது ஆள் வந்தால் ஒன்றா இரண்டா என்று தகராறு.)
3. மொத்தம் எவ்வளவு செலவானது? அதில் எதிர்பாராமல் போனது எவ்வளவு?
4. எங்கே ஏமாந்தாய்?
5. திரும்பப் போனால் எதைச் செய்ய மாட்டாய்?

கடைசி இரண்டு கேள்விகளுக்கு வருகிற பதில்தான் தங்கம். ஆனால் அதைச் சொல்ல யாருக்கும் மனசு வராது. ஏமாந்த கதை மானக்கேடு என்று மறைத்துவிடுவார்கள். அப்படி மறைப்பதால்தான் அதே இடத்தில் அடுத்த வருஷ பேட்சும் ஏமாறுகிறது.

ஒரே ஆளிடம் கேட்டுவிட்டுக் கிளம்பவும் கூடாது. கணக்குப் பதிவில் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருக்கிறதா என்று சரிபார்ப்பது போல, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்க்க வேண்டும். இரண்டு பேர் சொன்னது ஒத்துப்போனால் எழுதிக்கொள்ளலாம். மொத்தத்துக்கு மேல் பத்தில் ஒரு பங்கு தனியாக வைத்துவிட்டால் நாலாவது பையன் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

கல்லூரி அலுவலகத்தில் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. கல்லூரி ஏற்பாடு செய்யும் கல்விச் சுற்றுலாவுக்கு ரயில்வே மாணவர் சலுகை தருகிறது. முதல்வர் கையெழுத்திட்ட சான்றிதழ் இருந்தால் ஸ்லீப்பர் கட்டணம் பாதியாகக் குறையும். இதைக் கேட்டு வாங்கிய சீனியர் யாராவது இருந்தால் முதலில் அவரைப் பிடியுங்கள்!

மலிவுப் பயணம் என்ற பெயரில் பரவுகிற ஒரு கெட்ட ஆலோசனையையும் சொல்லியாக வேண்டும். "பரிசல்காரன் நூறு சொன்னா நாப்பதுக்கு அடி", "அந்த ட்ரெயின்ல டிடிஆர் வரமாட்டார், டிக்கெட்டே எடுக்காத" என்பதெல்லாம் அந்த ரகம். நியாயமான விலை தெரிந்து அதைக் கொடுப்பது ஒன்று; வெயிலில் துடுப்புப் போடுகிறவரின் கூலியைப் பிடுங்குவது வேறு. துங்கபத்திரையில் தண்ணீர் ஏறினால் அவருக்கு அன்றைக்குத் தொழிலே இல்லை. ராத்திரி ரயிலைப் பிடித்து, ஆற்றங்கரையில் நடந்து, ஒரே நாளில் ஒரே டிக்கெட்டில் மூன்று இடம் பார்த்து மிச்சம் பிடிப்பது திட்டமிடுதல். ஏழை வயிற்றில் அடித்து மிச்சம் பிடிப்பதற்கு வேறு பெயர்.

ஆற்றுப்படைப் பாணனிடம் ஒரு குணம் உண்டு. தனக்குக் கிடைத்த பரிசை அவன் மறைக்கவில்லை. "எல்லோரும் போனால் எனக்குக் குறைந்துவிடும்" என்று நினைக்கவும் இல்லை. எதிரே வந்தவனின் பசி அவனுக்குத் தெரியும், நேற்று வரை அதே பசியில் அவனும் இருந்தான். போய் வந்த ஒவ்வொரு மாணவனும் அந்த இடத்தில்தான் நிற்கிறான். யாரோ சொன்னதைக் கேட்டுத்தானே அவனும் போனான்? அந்தக் கடனை அடைக்கப் பணம் வேண்டாம். நோட்டில் ஒரு பக்கம் போதும். தேதி, செலவு, ஏமாந்த இடம், நடந்த பாதை. வகுப்பில் யார் கேட்டாலும் கொடுக்கலாம்.

யாருக்குத் தெரியும், அதை வாங்கிப் படித்துவிட்டு "இவ்வளவுதானா? அப்ப நானும் வரேன்டா" என்று அந்த நாலாவது பையன் சொன்னாலும் சொல்வான்.