கண்டியில் விடுமுறை

சித்திரை விடுமுறையிற் குடும்பத்தோடு கண்டி செல்லும் நம் பழைய மாணவர் பலர், வாவியையும் பேராதனைப் பூங்காவையும் ஒரே பகலிற் பார்த்துவிட்டு நுவரெலியாவுக்கு விரைகின்றனர். இஃது ஓய்வன்று; ஓட்டம்.

வாவியைக் கட்டுவித்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 இல் பிடிபட்டு, 1832 இல் வேலூர்ச் சிறையிலேயே மாண்டான். அந்திவேளையில் வாவிக்கரையில் அமர்ந்து பிள்ளைகளுக்கு அக்கதையைச் சொல்லலாம். மறுநாள் ஹந்தானைத் தேயிலைச் சரிவில் ஆறுதலாக நடக்கலாம்.

அப்பசுமையை உண்டாக்கிய மலையகத் தமிழருட் பெரும்பாலாரை 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. எஞ்சியோர்க்கு அவ்வுரிமை கிட்ட 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது. இதனை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. சென்றமுறை நானும் சொல்லவில்லை. கொழுந்து பறிப்போரோடு படம் மட்டும் பிடித்துக்கொண்டு மீண்டேன்.