வெசாக் இரவும் பிள்ளையின் கையும்

வைகாசிப் பூரணை இரவில், 1832 இல் எழுப்பப்பட்ட டோசன் கோபுரத்தருகே நின்று கண்டி வீதியை நோக்குவோமாயின், வீடுதோறும் வெசாக் கூடுகள் ஒளிவீசக் காண்போம். வீதியோரங்களிலே தன்சல் எனப்படும் தானப் பந்தல்கள் அமைந்திருக்கும். ஓரிடத்திலே சோறு, ஓரிடத்திலே அவித்த கடலை, மற்றோரிடத்திலே குளிர்பானம் அல்லது ஐஸ்கிறீம். சமயமும் மொழியும் கேளாது வருவோர்க்கெல்லாம் வழங்கப்படும் இக்கொடையை நாடிப் பௌத்தச் சிறாரோடு நம் தமிழ்ச் சிறாரும் பந்தல்தோறும் செல்வர்.

சில ஆண்டுகளுக்கு முன், அத்தகைய இரவொன்றிலே நாம் கண்ட காட்சி இன்னும் மனத்தை விட்டகலவில்லை. தன்சல் இளைஞர் கொடியசைத்து ஒரு பஸ்ஸை மறித்தனர். எதிர்ப்புறத்திலிருந்த ஐஸ்கிறீம் பந்தலைக் கண்ட சிறுவன் ஒருவன், தாயின் கையை உதறிவிட்டு, நின்ற பஸ்ஸின் முன்னாற் பாய்ந்தோடினான். அவ்வேளை வளைவில் வந்த லொறியின் சாரதி விரைந்து தடுப்பை அழுத்தினார். சிறுவன் இடறி விழுந்தான். முழங்காற் சிராய்ப்போடு தப்பினான்.

நடுக்கம் தீர்ந்தபின் அத்தாய் நம்மிடம் வினவியது யாது? “மாஸ்டர், முன்பின் தெரியாதவர்கள் குடுக்கிற சாமானைப் பிள்ளை சாப்பிடலாமா?” என்பதே. வீதியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்டிலர்.

அவரை நாம் குறை கூறோம். அமெரிக்க நாட்டுப் பெற்றோரும் இவ்வாறே அஞ்சினர். அங்கு ஒக்டோபர் 31 ஆம் திகதி இரவில் ஹலோவீன் விழா நிகழும். சிறுவர் மாறுவேடம் புனைந்து வீடுவீடாகச் சென்று இனிப்புப் பெறுவர். அந்நியர் நஞ்சு கலந்து கொடுப்பர் என்ற அச்சம் அங்கு நெடுங்காலமாய் உண்டு. 1974 இல் டெக்சாஸ் மாநிலத்திலே ஒரு சிறுவன் உண்மையாகவே நஞ்சுண்டு மாண்டான். ஆயின் நஞ்சிட்டவன் அந்நியனல்லன், பெற்ற தந்தையே! இவ்விடயத்தைப் பல்லாண்டு ஆராய்ந்த சமூகவியலறிஞர் ஜோயல் பெஸ்ட், அந்நியர் அவ்வாறு தந்த பண்டத்தால் ஒரு பிள்ளை இறந்தமைக்கு உறுதியான சான்று ஒன்றேனும் காணவில்லை.

மெய்யான ஆபத்து வீதியிலே இருந்தது. 1975 முதல் 2016 வரையான விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து 2018 இல் வெளியான ஆய்வொன்று, ஹலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் அபாயம், ஒரு வாரம் முன்னும் பின்னுமான மாலைகளிலும் பார்க்க 43 சதவீதம் அதிகம் எனக் கண்டது. சிறு பிள்ளைகளுக்கோ அது பன்மடங்கு.

உணவைப் பொறுத்தவரை வேண்டுவது அச்சமன்று, அவதானம். தன்சல்களைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே பதிவுசெய்தல் வேண்டும். நாமும் உணவு மூடியிருக்கின்றதா, பரிமாறுவோர் கை சுத்தமா எனப் பார்க்கலாம். நீர் எங்கிருந்து பெறப்பட்டதென அறியாவிடின் ஐஸ் இட்ட பானத்தைத் தவிர்க்கலாம். பிள்ளைக்கு ஒவ்வாத பண்டம் உண்டாயின், வாங்குமுன்பே கேட்டறியலாம்.

வீதியைப் பொறுத்தவரையோ கண்டிப்பே வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீற்றர் கடந்துவிடும். கணவாய் வளைவிலே சாரதி காணும் தூரமோ குறைவு. ஆகவே வளைவிலும், மறித்து நிறுத்திய வாகனத்தின் முன்னாலும் வீதியைக் கடத்தலாகாது. நடைபாதை இல்லாதவிடத்து, எதிரே வரும் வாகனத்தைக் காணுமாறு வலப்புறமாக நடத்தல் நன்று. பௌத்த அன்பர் அன்று வெள்ளாடை உடுப்பர். நம் பிள்ளைகளும் அவ்வாறு உடுத்தால், சமயத்துக்கு மதிப்பாகும், சாரதியின் கண்ணுக்கும் புலனாகும். ஒரு கைவிளக்கும் இருக்கட்டும். மெழுகுவர்த்தி எரியும் கூட்டருகே தளர்ந்த ஆடையோடு பிள்ளையை விடவேண்டா. நெரிசலில் பிரிந்தால் எங்கு வந்து நிற்பதென்பதைப் புறப்படுமுன்பே சொல்லி வையுங்கள். உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதி அதன் சட்டைப்பையில் இடுங்கள். பொலிஸாரை 119, நோயாளர் காவு வண்டியை 1990 என்னும் இலக்கங்களில் அழைக்கலாம்.

“இத்தனை தொல்லை எதற்கு? வீட்டிலேயே இருத்திவிடலாமே!” எனச் சிலர் கருதக்கூடும். அது சரியன்று. அயல்வீட்டார் இரு கையாலும் நீட்டும் பண்டத்தை நன்றி கூறிப் பெறும் பிள்ளை, நாம் வகுப்பறையிலே போதிக்க முடியாத பாடமொன்றைக் கற்கின்றது. பல இனத்தாரும் கூடி வாழும் இவ்வூரில், அதனை இழப்பது சிறு நட்டமன்று.

ஆகவே, பெற்றோரே, வரும் வெசாக்கிற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கொடுக்கும் கையைக் கண்டு அஞ்சவேண்டா. பிடித்த கையை மட்டும் விட்டுவிடவேண்டா.