பெயர் எழுதப்படாத கல்லறைகள்

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றி மன்றாடுகிறோம். பெற்றோரின் கல்லறையை நாம் அறிவோம். "அவர்களுக்கு முந்தியவர்கள் எங்கே?" என்று பிள்ளைகள் கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது.

இத்தேடலுக்குக் கல்லறைப் பெயர்ப் பட்டியல்கள் உதவுகின்றன. சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து 1905இல் நூலாக வெளியிட்டார். ஆனால் அதிலுள்ளோர் பெரும்பாலும் ஐரோப்பியரே. கல் நாட்ட வசதி உள்ளவருக்கே பட்டியலில் இடம்!

இரு உலகப் போர்களில் இறந்த ஏறத்தாழ 17 இலட்சம் பேரைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பட்டியலிட்டுள்ளது. பெயரைக் கொடுத்தால் படைப்பிரிவு, இறந்த நாள், கல்லறை எண் ஆகியவை கிடைக்கும். ஆயினும் முதல் உலகப் போரில் இறந்தோரில் குறைந்தது 1,16,000 பேர் பெயரின்றியோ, எந்த நினைவுமின்றியோ விடப்பட்டனர் என்று அவ்வாணையமே 2021இல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர், எகிப்தியர்.

நம் இனத்தாரின் கதையும் வேறல்ல. 1942-43இல் சயாம்-பர்மா இரயில் பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. காட்டிலே புதையுண்ட நம் தொழிலாளருக்குப் பெயர்ப்பலகை இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எந்தப் பட்டியலைப் புரட்டுவார்கள்?

இங்கேதான் பங்கு அடக்கப் பதிவேட்டின் அருமை புரிகிறது. இறந்தோர் பதிவேட்டை ஒவ்வொரு பங்கும் வைத்திருக்க வேண்டுமெனத் திருச்சபைச் சட்டம் (எண் 535) பணிக்கிறது. கல் நாட்ட இயலாத ஏழையின் பெயருக்கும் அதில் ஒரு வரி உண்டு. தேடுவோர் ஒன்றை நினைவில் கொள்வது நல்லது. ஒரே ஊரில் பல அந்தோணிகளும் சவரிமுத்துகளும் இருப்பார்கள். எனவே தந்தை பெயர், ஊர், வயது ஆகியவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பட்டியல் வழிகாட்டி மட்டுமே. மூலப் பதிவேட்டைப் பார்த்தபின்பே உறுதி செய்யலாம்.

பழைய ஏடுகள் செல்லரிக்கின்றன; கல்லெழுத்துகள் மழையில் தேய்கின்றன. பங்குத்தந்தையின் அனுமதியோடு நம் இளையோர் கல்லறை வாசகங்களைப் படமெடுத்து, பதிவேட்டோடு ஒப்பிட்டு, அகரவரிசைப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கலாமே! கல் இல்லாதவர்களின் பெயர்களை முதலில் எழுதுவோம்.

கடவுள் தம் மக்களைப் பெயர் சொல்லி அழைப்பவர். நாமும் நம் முன்னோரைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்து மன்றாடுவோம்.